அமானும் பற்றுச்சீட்டும்: அயலார் குடியிருப்பும் வரியும் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

வளைகுடா நாடுகளுக்குப் புறப்படும் நம் இளைஞர்களின் வாயில் அரபுச் சொற்கள் சில இன்று சரளமாகப் புழங்குகின்றன. ‘இகாமா’, ‘ஜவாஸ்’, ‘கஃபீல்’ என்பன அவற்றுள் தலையாயவை. அரபு இலக்கணத்தை ஒரு நாளும் கற்றிராதவரும் இச்சொற்களின் பொருளைத் துல்லியமாக அறிவர். இகாமா காலாவதியானால் என்ன நேரும், ஜவாஸ் பிறர் கையில் சிக்கினால் என்ன ஆகும், கஃபீல் ஒப்பாவிடில் எது தடைபடும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது.

மதரஸாவில் ஓதியோர்க்கு இம்மூன்று சொற்களும் வேறு பொருளில் அறிமுகமானவை. ‘இகாமத்’ என்பது பயணத்துக்கு எதிர்ச்சொல். ஓரிடத்தில் தங்கும் எண்ணம் கொள்வோரைத் தொழுகைச் சட்டம் ‘முகீம்’ என்கிறது. ‘ஜவாஸ்’ என்பது கடந்து செல்லுதல். ‘கஃபீல்’ என்பவர் பிறர் பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்ளும் பிணையாளர். சட்ட நூல்களிலிருந்து அலுவலகச் சாளரத்துக்கு வந்து சேர்ந்த இச்சொற்கள், வழியில் எதைச் சுமந்து வந்தன, எதைத் தவறவிட்டன? அயல்நாட்டில் தங்கும் ஒருவர் எந்த ஆவணத்தின் பேரில் தங்குகிறார்? அவரிடம் எவ்வளவு வரி பெறலாம், எத்தனை முறை பெறலாம், எவ்விதம் பெறலாம்? இவ்வினாக்களுக்கு நம் முன்னோர் எழுதி வைத்த விடைகளையும், அவ்விடைகள் நடைமுறையில் பட்ட பாட்டையும் நாம் இக்கட்டுரையில் நோக்குவோம்.

அமான்: ஒரு சொல்லின் வலிமை

அடைக்கலம் வேண்டி வரும் இணைவைப்பாளருக்கு அடைக்கலம் அளித்து, இறைவாக்கைச் செவியுறச் செய்து, பின்னர் அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்குமாறு திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் ஆறாம் வசனம் கட்டளையிடுகிறது. போர்ச் சூழலைப் பேசும் அத்தியாயத்தின் நடுவே இக்கட்டளை இடம்பெற்றிருப்பது கருதத் தக்கது. அவர் இஸ்லாத்தை ஏற்கவேண்டும் என்பது நிபந்தனையன்று. அவர் பத்திரமாகத் திரும்பிச் சேரவேண்டும் என்பதே இறுதிக் கடமை. ‘அமான்’ எனும் சட்டக் கோட்பாடு இவ்வசனத்தின் மீதே எழுப்பப்பட்டது. அமான் பெற்று இஸ்லாமிய நாட்டில் நுழையும் அயலாரைச் சட்ட அறிஞர்கள் ‘முஸ்தஃமின்’ என்றழைத்தனர்.

அமான் அளிக்கும் உரிமை ஆட்சியாளர் ஒருவருக்கே உரியதாக அன்று இருக்கவில்லை. ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது உம்மு ஹானீ (ரலி) அவர்கள் தம் கணவரின் உறவினருக்கு அடைக்கலம் அளித்திருந்தார்கள். அவர்களுடைய உடன்பிறந்தார் அலீ (ரலி) அவர்களே அதனை ஏற்க மறுத்தபோது, உம்மு ஹானீ நேரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்கள். உம்மு ஹானீ அடைக்கலம் அளித்தவருக்குத் தாமும் அடைக்கலம் அளித்துவிட்டதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். முஸ்லிம்கள் அளிக்கும் பாதுகாப்பு ஒன்றே. அவர்களுள் எளியவர் தந்த வாக்கும் அனைவரையும் கட்டுப்படுத்தும் என்பது நபிமொழி.

உமர் (ரலி) அவர்கள் இதனை மொழியின் எல்லைக்கும் அப்பால் கொண்டு சென்றார்கள். பாரசீகப் போர்முனையில் ஒருவர் எதிரியிடம் அவரது மொழியிலேயே ‘அஞ்சாதே’ எனும் பொருள்பட ‘மத்ரஸ்’ என்று சொல்லிவிட்டால் அதுவும் அமானே என்றும், இறைவன் எல்லா மொழிகளையும் அறிவான் என்றும் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். புரியாத மொழியில் அச்சிட்ட தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, பின்னர் அதையே காட்டி ஏழையை மடக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. அயலார் தம் மொழியில் எதைப் புரிந்துகொண்டாரோ அதுவே அவருக்கு அளிக்கப்பட்ட வாக்கு.

ஃபுராத் நதிக்கரைச் சாவடி

பாதுகாப்பு உறுதியானபின் வரி பற்றிய வினா எழுகிறது. முஸ்லிம் வணிகர்கள் அயல்நாடு செல்லும்போது அங்குள்ளோர் பத்தில் ஒரு பங்கைச் சுங்கமாகப் பெறுகின்றனர் என்று அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கலீபா உமர் (ரலி) அவர்களுக்கு எழுதினார்கள். அவர்கள் நம் வணிகரிடம் பெறுவதைப் போன்றே நாமும் பெறுவோம் என்பது கலீபாவின் விடையாயிற்று. அயல்நாட்டு வணிகரிடம் பத்தில் ஒன்று. இஸ்லாமிய ஆட்சியில் வாழும் பிற சமயத்தாராகிய திம்மீகளிடம் இருபதில் ஒன்று. முஸ்லிம்களிடம் நாற்பதில் ஒன்று. இருநூறு திர்ஹத்துக்குக் குறைந்த பொருளுக்கு வரியில்லை. இவ்வாறு ஒரு முறை வகுக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், மன்பிஜ் மக்கள் தாமாகவே முன்வந்து, பத்தில் ஒரு பங்கு தருகிறோம், உங்கள் நாட்டில் வணிகம் செய்ய அனுமதியுங்கள் என்று விண்ணப்பித்தனர். நபித்தோழர்களுடன் கலந்து கலீபா அதற்கு இசைந்தார்கள். இச்செய்திகளை ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியாக விளங்கிய இமாம் அபூ யூசுஃப் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 182 / கி.பி. 798) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்நூலிலேயே ஸியாத் இப்னு ஹுதைர் எனும் சுங்க அதிகாரியின் வரலாறும் உள்ளது. இப்பணிக்கு உமர் (ரலி) அவர்கள் முதன்முதலாக அனுப்பியவர் தாமே என்றும், எவரையும் துருவிச் சோதனையிடக் கூடாது எனத் தமக்குக் கட்டளையிடப்பட்டது என்றும் ஸியாதே கூறுகிறார். அவர் ஃபுராத் நதியின் குறுக்கே கயிறு கட்டிச் சாவடி அமைத்திருந்தார் என்று ஓர் அறிவிப்பு சொல்கிறது.

மற்றோர் அறிவிப்பின்படி, தஃக்லிப் குலத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ அரபியர் ஒருவர் குதிரையுடன் அவ்வழியே வந்தார். குதிரையின் மதிப்பு இருபதாயிரம் திர்ஹம் எனக் கணிக்கப்பட்டது. குதிரையைத் தந்துவிட்டுப் பத்தொன்பதாயிரம் பெற்றுக்கொள்ளலாம், அல்லது ஆயிரம் செலுத்திவிட்டுக் குதிரையுடன் செல்லலாம் என்றார் ஸியாத். அவர் ஆயிரம் செலுத்திச் சென்றார். அதே ஆண்டில் அவர் திரும்பி வந்தபோது ஸியாத் மீண்டும் ஆயிரம் கேட்டார். கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் கேட்பீரோ என்று அவர் வினவ, ஆம் என்பதே விடையாயிற்று.

அம்மனிதர் கலீபாவைத் தேடி மக்காவுக்குச் சென்று தம் குறையைச் சொன்னார். உன் காரியம் முடிந்தது எனும் பொருள்பட ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக் கலீபா நிறுத்திக்கொண்டார்கள். நீதி கிடைத்ததா, கைகழுவி விட்டார்களா என்றே அவருக்கு விளங்கவில்லை. இன்னோர் ஆயிரம் செலுத்துவதெனத் தம் மனத்தைத் தேற்றிக்கொண்டு சாவடிக்குத் திரும்பினார். அவருக்கு முன்பே கலீபாவின் மடல் அங்கு வந்து சேர்ந்திருந்தது. ஒருமுறை வரி செலுத்தியவரிடம், பொருள் கூடியிருந்தாலொழிய, அடுத்த ஆண்டின் அதே நாள்வரை எதுவும் பெறலாகாது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்ட அவர், இம்மடலை எழுதியவரின் மார்க்கமே தம் மார்க்கம் என்று அங்கேயே அறிவித்தார் என்கிறது அவ்வறிவிப்பு.

இவ்வரலாற்றைச் சொற்பொழிவுகளில் கேட்போர் அதன் முடிவையே நினைவில் கொள்வர். நாம் இங்கு அதன் நடுப்பகுதியை நோக்கவேண்டும். அதிகாரி தீயவரல்லர்; விதி எழுதப்படாதிருந்தது. எழுதப்படாத இடத்தை அதிகாரம் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது. ஒரு தனிமனிதரின் முறையீட்டுக்குக் கலீபா தனிச்சலுகையால் விடையளிக்கவில்லை. அனைவர்க்கும் உரிய விதியை எழுதி, அவர் வந்து சேருமுன்பே அதனைச் சாவடிக்கு அனுப்பினார்கள்.

பற்றுச்சீட்டு பிறந்த கதை

விதியை எழுதினால் மட்டும் போதுமா? வரி செலுத்தியதற்குச் சான்று வேண்டாவா? அதற்கும் விடை உண்டு. கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ், ஆட்சி கி.பி. 717–720) அவர்கள் ஸுரைக் இப்னு ஹய்யான் என்பாருக்கு எழுதிய ஆணையை இமாம் மாலிக் (ரஹ்) தம் ‘முவத்தா’வில் தந்திருக்கிறார்கள். முஸ்லிம் வணிகரிடம் நாற்பது தீனாருக்கு ஒன்றும், திம்மீ வணிகரிடம் இருபதுக்கு ஒன்றும் பெறுமாறு கூறும் அவ்வாணை, பெற்றதற்கு ஆண்டு முழுவதும் செல்லுபடியாகும் ஓர் எழுத்தை அவர்களுக்கு வழங்குமாறும் பணிக்கிறது. ஸுரைக் வகித்த பொறுப்பை அந்நூல் ‘ஜவாஸு மிஸ்ர்’, அதாவது எகிப்தின் கடவுவாயில், எனக் குறிப்பிடுகிறது. இன்று கடவுச்சீட்டைக் குறிக்கும் அதே சொல், அன்று வரிச்சாவடியைக் குறித்தது. எல்லையும் வரியும் ஒரே வாயிலின் இரு கதவுகள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இதே கலீபா, ரஃபஹ் எல்லையில் இருந்த ‘பைத்துல் மக்ஸ்’ எனும் சுங்க வீட்டை இடித்து, அதன் இடிபாட்டைக் கடலில் எறியுமாறு ஆணையிட்டதை அபூ உபைத் (ரஹ்) தம் ‘கிதாபுல் அம்வால்’ நூலில் எழுதியுள்ளார். மார்க்கம் விதிக்காத வரிக்கு ‘மக்ஸ்’ என்று பெயர். முதற் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் போற்றிய தமிழ் மண்ணுக்கு இச்செயலின் அருமை எளிதில் விளங்கும்.

எழுத்து என்பது எப்போதும் காப்பாகவே இருந்தது எனச் சொல்வதற்கில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரசு ஏடுகளுள் பயண அனுமதிச் சீட்டுகள் சில கிடைத்துள்ளன. ஊரைவிட்டு வேறிடம் சென்று உழைத்து, தம் ஜிஸ்யாவைச் செலுத்துவதற்கான பணத்தை ஈட்ட விரும்பும் குடியானவருக்கு, இத்தனை மாதங்கள் என வரம்பிட்டு அவை வழங்கப்பட்டன. அவரது முகத்தின் வடு, கழுத்தின் மச்சம் முதலிய அடையாளங்களும் அவற்றில் எழுதப்பட்டன. ஒருவரை வரியிலிருந்து தப்பவிடாமல் பிடித்து வைக்கவும் ஆவணம் பயன்பட்டது. ஸுரைக் வழங்கிய சீட்டு குடிமகனின் கையில் ஆயுதம். இச்சீட்டு அதிகாரியின் கையில் கயிறு. ஒரே தாளுக்கு இருமுகம்.

ஓராண்டு எனும் எல்லை

பிற்காலச் சட்ட நூல்கள் இவ்விதிகளைத் தொகுத்து நுணுக்கமாக ஆராய்ந்தன. இமாம் முஹம்மது அஷ்ஷைபானீ (ரஹ், மறைவு கி.பி. 805) எழுதிய ‘ஸியர்’ நூல்களும், மர்கீனானீ (ரஹ், மறைவு கி.பி. 1197) எழுதிய ‘ஹிதாயா’வும் இத்துறையில் முதன்மையானவை. ‘ஹிதாயா’ நம் அரபுக் கல்லூரிகள் பலவற்றில் பாடநூலாக இருப்பது. எனினும் முஸ்தஃமின் பற்றிய பாடமும், ஆஷிர் எனும் சுங்க அதிகாரி பற்றிய பாடமும் பெரும்பாலும் விரைந்து ஓதிக் கடக்கப்படுகின்றன. ‘இக்காலத்துக்கு இது தேவையில்லை’ எனும் எண்ணமே காரணம். அவற்றின் உள்ளடக்கத்தைச் சற்றே பார்ப்போம்.

முஸ்தஃமின் ஓராண்டுக்குக் குறைவாகத் தங்கலாம். ஓராண்டு முழுவதும் தங்கினால் ஜிஸ்யா விதிக்கப்படும் என அவருக்கு ஆட்சியாளர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவித்த பின்னும் அவர் தங்கினால் நாட்டின் குடியாகிறார். கராஜ் நிலத்தை வாங்கி அதற்குரிய வரி அவர்மீது விதிக்கப்பட்டாலும் அவ்வாறே. இன்றைய நாடுகளும் நாட்கணக்கைக் கொண்டே ஒருவரது வரிக்குரிய வாசத்தை முடிவு செய்கின்றன. இந்திய வருமான வரிச் சட்டம் 182 நாட்கள் எனும் அளவைக் கையாள்வதைப் பணிநிமித்தம் அயல்நாடு செல்வோர் அறிவர். காலத்தைக் கொண்டு விருந்தினரையும் குடியையும் பிரித்தறியும் இச்சிந்தனை புதியதன்று. ஹனஃபீ நூல்கள் கூடுதலாக ஒன்றை வலியுறுத்துகின்றன: முன்னறிவிப்பின்றி நிலைமாற்றம் இல்லை.

அவர்கள் நம் வணிகரிடம் எதுவும் பெறாவிடில் நாமும் பெறலாகாது. நற்குணத்துக்கு நாமே அதிக உரிமையுடையோர் என்கிறது ‘ஹிதாயா’. அவர்கள் நம்மவரின் பொருள் அனைத்தையும் பிடுங்கிக்கொண்டால்? நாம் அவ்வாறு செய்யலாகாது. அமான் அளித்தபின் அது வஞ்சனை. பதிலுக்குப் பதில் எனும் விதி நன்மையில் முழுமையாகவும், தீமையில் வரம்புடனும் செயற்படுகிறது. முஸ்தஃமின் இறந்துவிட்டால் அவரது சொத்து அரசுக்கன்று. அவருடைய வாரிசுகளுக்கே உரியது.

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வரி விகிதம் சமயத்தையும் நாட்டையும் பொறுத்து வேறுபட்டது. முஸ்லிம் செலுத்தியது ஸக்காத் எனும் வணக்கம். அவருக்கு வேறு கடமைகளும் இருந்தன. அயலார்க்கு அவை இல்லை எனச் சட்ட அறிஞர்கள் விளக்கினர். அவ்விளக்கம் அக்காலச் சூழலில் பொருளுடையதே. ஆயினும், இன்று நாம் பேசும் குடியுரிமைச் சமத்துவம் அன்று நிலவியதாகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அந்நூல்களிடம் நாம் கற்கவேண்டியது விகிதங்களையன்று. வாக்கு, வரம்பு, முன்னறிவிப்பு, சான்றெழுத்து ஆகிய நான்கையுமே.

‘ஹிதாயா’வில் முஸ்தஃமின் பாடம் தொடங்கும் விதமும் நம் கருத்தைக் கவர்கிறது. நம் நாட்டுக்கு வரும் அயலாரைப் பற்றி அது முதலில் பேசவில்லை. அயல்நாட்டில் வணிகராக நுழையும் முஸ்லிமைப் பற்றிப் பேசுகிறது. அமான் பெற்று நுழைந்தவர் அந்நாட்டாரின் உயிருக்கோ உடைமைக்கோ எவ்விதத் தீங்கும் செய்யலாகாது. செய்தால் அது வஞ்சனை, வஞ்சனை விலக்கப்பட்டது. இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களும் ‘அல்உம்மு’ நூலில் இதே கருத்தினரே. நுழைவுச் சீட்டில் இடப்படும் முத்திரை இருதரப்பையும் பிணைக்கும் உடன்படிக்கை. பொய்ச் சான்றிதழ் காட்டி நுழைவதும், செலுத்தவேண்டிய வரியை மறைப்பதும் சாமர்த்தியமெனச் சிலர் கருதுகின்றனர். நம் சட்ட நூல்களில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

சீனத் துறைமுகத்தில் நம்மவர்

முஸ்லிம்கள் அயலாராக வாழ்ந்த இடங்களிலிருந்தும் சான்று பெறவேண்டும். ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) தொகுக்கப்பட்ட ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ எனும் நூல், கான்ஃபூ எனப்பட்ட சீனத்துக் கான்டன் துறைமுகத்தில் வாழ்ந்த அரபு, பாரசீக வணிகரின் நிலையை விவரிக்கிறது. முஸ்லிம்களிடையே தீர்ப்பளிக்க ஒரு முஸ்லிமையே சீன ஆட்சி நியமித்திருந்தது. வரும் சரக்குகள் அரசுக் கிடங்கில் வைக்கப்படும். பருவத்தின் கடைசிக் கப்பல் வரும்வரை ஆறு மாதம் காத்திருந்து, பத்தில் மூன்று பங்கைச் சுங்கமாக எடுத்துக்கொண்டு எஞ்சியதை வணிகரிடம் ஒப்படைப்பர். அங்கேயே தங்கிவிடும் அயலாரிடம், அவர் பொருளுக்குப் பாதுகாப்பளிப்பதன் பேரில், ஒரு வரி பெறப்பட்டது.

நாட்டினுள் பயணம் செய்ய இரண்டு மடல்கள் தேவை. ஆட்சித் தலைவர் தரும் மடலில் பயணியின் பெயர், வயது, குலம், உடன்செல்வோர் விவரம் ஆகியவை இருக்கும். அரண்மனை அதிகாரி தரும் மடலில் அவரது பணமும் சரக்கும் குறிக்கப்பட்டிருக்கும். வழிநெடுகிலும் உள்ள காவற்சாவடிகளில் இரண்டையும் பார்த்து, வந்து சேர்ந்த நாளை எழுதிக்கொள்வர். பயணியின் பொருள் எதுவும் தொலைந்தால், அல்லது அவர் இறந்துவிட்டால், அது எங்கே போயிற்று என்று கண்டறிந்து அவரிடமோ வாரிசுகளிடமோ சேர்ப்பிக்கவே இந்த ஏற்பாடு என்கிறது அந்நூல். ஸுரைக்கின் சீட்டுப்போல் இதுவும் அயலாரின் கையில் காப்பாக அமைந்த எழுத்து.

இந்நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் தொடர்ச்சி எழுதிய அபூ ஸைத் அஸ்ஸீராஃபீ ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். குராசான் வணிகர் ஒருவருக்கும், மன்னருக்காகச் சரக்குத் தெரிவு செய்ய வந்த அரண்மனை அதிகாரி ஒருவருக்கும் கான்ஃபூவில் தகராறு மூண்டது. அதிகாரி தம் செல்வாக்கால் சிறந்த சரக்குகளைப் பறித்துக்கொண்டார். வணிகர் தலைநகர் சென்று மன்னரிடம் முறையிட்டார். உடனே நம்பிவிடாமல், முறையீடு மெய்தானா என்று அவரை எண்ணிப் பார்க்கச் செய்து, பின்னர் தனித்தனி அமைச்சர்கள் வாயிலாக மன்னர் விசாரித்தார். உண்மை வெளிப்பட்டதும் பொருள் திருப்பித் தரப்பட்டது. அத்தனை நாடுகளைக் கடந்து தம்மை நம்பி வந்த ஒருவர், சீனத்தில் அநீதிக்குள்ளானேன் எனத் திரும்பிச் சென்று சொல்லும் நிலையை உண்டாக்கப் பார்த்தாயே என்று கடிந்துகொண்ட மன்னர், உயிருள்ளோரைக் காக்கத் தவறிய அவ்வதிகாரியைக் கல்லறைகளைக் காக்க அனுப்பினார்.

ஸியாதின் சாவடியில் நிகழ்ந்ததும் இதுவும் ஒன்றற்கொன்று கண்ணாடிபோல் அமைந்துள்ளன. ஒன்றில் முஸ்லிம் அதிகாரி, கிறிஸ்தவ வணிகர். மற்றொன்றில் சீன அதிகாரி, அயல்நாட்டு வணிகர். இரண்டிலும் அயலார் ஆட்சித் தலைமையைத் தேடிச் செல்ல நேர்ந்தது. இரண்டிலும் தலைமை செவி சாய்த்தது. பின்னர் 878–879இல் ஹுவாங் சாவோவின் கிளர்ச்சிப் படை கான்ஃபூவை அழித்தது. அதன்பின் வணிகர்மீது முறையற்ற சுமைகள் ஏற்றப்பட்டன. கப்பல்கள் பாதி வழியில் உள்ள கலாஹ் துறையோடு நின்றுவிட்டன என்று அபூ ஸைத் வருந்துகிறார். அயலார்க்கு நீதி மறுக்கப்பட்ட துறைமுகம் தானே வறுமையுற்றது.

அதே ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் மேற்குக் கரையிலும் ஓர் ஆவணம் எழுந்தது. கொல்லத்தில் தரிசாப்பள்ளிக்கு அளிக்கப்பட்ட செப்பேடு வேணாட்டு அய்யனடிகளின் கொடையை வட்டெழுத்தில் பதிந்துள்ளது. வரிச் சலுகைகளும் அதில் உண்டு. அதன் சாட்சிகள் கூஃபீ அரபு எழுத்திலும், பஹ்லவி, எபிரேய எழுத்துகளிலும் ஒப்பமிட்டிருக்கின்றனர். ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு இந்து ஆட்சியாளர் வழங்கிய உரிமைக்கு அயல்நாட்டு முஸ்லிம்கள் சாட்சி நின்றனர். குடியிருக்கும் அயலாரின் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பிருந்தது.

அலெக்சாந்திரியாவும் அக்காவும்

முஸ்லிமே முஸ்லிம் நாட்டில் அயலாராக நின்ற கதைதான் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஜுபைர் ஹஜ் பயணமாக 1183 மார்ச்சில் அலெக்சாந்திரியாவில் கரையிறங்கினார். அதிகாரிகள் கப்பலில் ஏறி, ஒவ்வொருவரின் பெயரையும் அடையாளத்தையும் ஊரையும் பொருளையும் எழுதினர். ஓராண்டு நிறைவுற்றதா என்று கேளாமலே ஸக்காத் கேட்டனர். பெரும்பாலோரிடம் வழிச்செலவுக்கான பொருளன்றி வேறில்லை. பின்னர் சுங்கச் சாவடியில் மூட்டைகள் அவிழ்க்கப்பட்டன. இடுப்புத் துணிகளுக்குள் கைகள் நுழைந்தன. வேறெதுவும் மறைத்து வைக்கவில்லை எனச் சத்தியம் வாங்கப்பட்டது. நெரிசலில் பலருடைய பொருட்கள் காணாமற்போயின.

எவரையும் துருவிச் சோதிக்கலாகாது எனும் உமர் (ரலி) அவர்களின் ஆணை, ஐந்து நூற்றாண்டுகளில் எங்கே போய்விட்டது பாருங்கள்! அதுவும் நீதிக்குப் பெயர்பெற்ற ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் ஆட்சியில். இது அவருக்குத் தெரிந்திருந்தால் தடுத்திருப்பார் என்றே இப்னு ஜுபைர் நம்புகிறார். அந்நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. செங்கடல் வழியே செல்லும் ஹாஜிகளிடம் தலைக்கு ஏழரை தீனார் பெறப்பட்டு வந்த கொடிய வரியை ஸுல்தான் ஒழித்து, மக்கா அமீருக்கு ஈடாகப் பணமும் கோதுமையும் வழங்கிவந்தார். ஆக, உச்சியில் நல்லெண்ணம் இருந்தது. சாளரத்தில் அது வந்து சேரவில்லை.

மறு ஆண்டு செப்டம்பரில் அவர் சிலுவைப் படையினர் ஆண்ட அக்கா நகருக்கு வந்தார். சுங்க மாளிகையின் வாயிலில் விரிப்பிட்ட திண்ணைகளில், பொன் வேலைப்பாடுடைய கருங்காலி மைக்கூடுகளுடன் கிறிஸ்தவ எழுத்தர்கள் அமர்ந்திருந்தனர். அவர்கள் அரபு பேசினர், அரபிலேயே எழுதினர். சோதனை அங்கும் உண்டு. ஆனால் கடுமையோ அத்துமீறலோ இன்றி மென்மையாக நடந்தது என்று எழுதுகிறார். அந்நகரின் பிற நிலைகளைக் கண்டு மனம் நொந்தவர் அவர். எனினும் கண்ட உண்மையை மறைக்கவில்லை. எதிரியின் சாவடியில் நயத்தையும், தம்மவரின் சாவடியில் அவமதிப்பையும் கண்ட அவ்வறிஞரின் நேர்மை நமக்குப் பாடமாகும்.

முல்தானில் எழுதிய ஒப்பம்

இப்னு பதூதாவின் பயண நூல் இவ்வரிசையில் இறுதியாக நிற்கிறது. எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடையிலுள்ள கத்யா சாவடியில், இருதிசையிலும் ‘பராஅத்’ எனும் அனுமதிச் சீட்டின்றி எவரும் கடக்க இயலாது. இரவில் மணலைச் சமப்படுத்தி வைப்பர். காலையில் அடிச்சுவடு காணப்பட்டால் ஆளைத் தேடிப் பிடிப்பர். அவர் 1326இல் கண்டது இது.

அவர் 1333இல் சிந்து நதியை அடைந்தபோது, வந்திறங்கிய அயலாரின் தோற்றம், உடை, உடன்வந்தோர் தொகை அனைத்தையும் ஒற்றர்கள் எழுதித் தில்லிக்கு அனுப்பினர். முல்தானில் வணிகப் பொருளில் நான்கில் ஒரு பங்கும், குதிரை ஒன்றுக்கு ஏழு தீனாரும் வரி. தம்மிடம் இருந்த சரக்கு சிறிதே எனினும் பார்வைக்குப் பெரிதாகத் தோன்றியதால், சோதனையை நினைத்து அவர் கலங்கினார். ஓர் அதிகாரியின் தயவால் தப்பினார். இந்நாட்டில் நிலையாகத் தங்கவே வந்தோம் என உறுதியளிப்போர் மட்டுமே மேலே செல்லலாம் என்பது விதி. காஜியும் சாட்சிகளும் வந்து அவ்வுறுதிமொழியை எழுதி வாங்கினர். அவர் நாட்டினுள் வந்து இரண்டாண்டு கழித்து, ஸுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவ்வரிகளை நீக்கி, ஸக்காத்தும் உஷ்ரும் மட்டும் பெற ஆணையிட்டார். விதிக்குத் திரும்புவதும் வரலாற்றில் நிகழ்ந்ததுண்டு என்பதற்கு இதுவொரு சான்று.

வாயிலில் சோதிக்கப்படும் நீதி

இந்நெடிய வரலாற்றிலிருந்து நமக்குப் புலப்படுவது யாது? அயலார்க்கான நீதி நூலில் எழுதப்படுவதால் நிலைபெறுவதில்லை. வாயிலில் அமர்ந்திருக்கும் எழுத்தர் அதனை அறிந்திருப்பதாலேயே நிலைபெறுகிறது. உமர் (ரலி) அவர்களின் பெருமை நல்விதியை வகுத்ததில் மட்டுமில்லை. முறையிட்டவர் திரும்புமுன் அவ்விதி சாவடியைச் சென்றடைந்ததிலும் இருக்கிறது.

தம் பணியாளரின் கடவுச்சீட்டைப் பூட்டி வைத்துக்கொள்ளும் முதலாளி தம்மைக் ‘கஃபீல்’ என்று அழைத்துக்கொள்கிறார். பிறர் பளுவைத் தாம் ஏற்பவருக்குரிய பெயர் அது. பிறரைப் பளுவாக்கித் தம் கைக்குள் வைத்திருப்பவருக்கு அப்பெயர் பொருந்துமா? வளைகுடா நாடுகள் அண்மை ஆண்டுகளில் இம்முறையில் சீர்திருத்தங்கள் கொணர்ந்துள்ளன. அவை அயலவரின் அழுத்தத்தால் மட்டும் வரவேண்டியவை அல்ல. நம் ஃபிக்ஹு நூல்களின் பக்கங்களிலேயே அவற்றுக்கு வேர் உண்டு.

நம் ஊர்களுக்கு வேலை தேடி வரும் வடமாநிலத்தாரையும், அடைக்கலம் தேடி வந்தோரையும் நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதும் இதே அளவுகோலால் அளக்கப்படவேண்டியதே. வாடகைக்கு வீடு கேட்டு வாசலில் நிற்பவரின் அடையாள அட்டையைக் கையில் வாங்கும் கணத்தில், நாமும் ஒரு சாவடியில் அமர்ந்திருக்கிறோம்.

முஸ்தஃமின் பாடத்தை விரைந்து ஓதிக் கடக்கும் நம் வழக்கத்தை இனி மாற்றிக்கொள்வோமாக. அதனைக் கேட்டுக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் சிலர் நாளை இகாமாவைச் சட்டைப்பையில் சுமந்து திரிவர். வேறு சிலர் அதைச் சரிபார்க்கும் சாளரத்துக்குப் பின்னே அமர்வர். இருசாராருக்கும் உரிய பாடம் அது.